இருவருக்கும் சேர்த்து ஒரு கையெழுத்து

நியூயார்க்,
11 பிப்ரவரி 1952

அன்புள்ள ஹேசல் அக்காவுக்கு,

நான் நலம். நீயும் வாரன் அத்தானும் பிள்ளைகளும் நலமா? மரியாதைக்குக் கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று. இனி என் வயிற்றெரிச்சலைச் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

புதன்கிழமை வானொலி நிகழ்ச்சியிலிருந்து என்னை நிறுத்திவிட்டார்கள். மூன்று வருடமாகப் பாடிக்கொண்டிருந்த நிகழ்ச்சி. ஏன் என்று தயாரிப்பாளரிடம் போய் நின்றேன். அந்த மனிதர் என் முகத்தைப் பார்க்காமல், ஏற்கெனவே கூராக இருந்த பென்சிலைச் சீவிக்கொண்டே சொன்னார்:

"தப்பா நினைச்சுக்காத வின்னி. நீ கொஞ்சம் உயரம் ஜாஸ்தி."

"ரேடியோவுலயா?"

"மைக் முன்னாடி எல்லாரும் சேர்ந்து நிக்கும்போது ஒரு மாதிரி இருக்கு."

"கேக்கறவங்களுக்கா?"

அவர் அடுத்த பென்சிலை எடுத்தார். சரி, ஊரில் வேறு நிலையமே இல்லையா என்று நாலு இடம் ஏறி இறங்கினேன். ஒருவருக்கு என் குரலில் சந்தோஷம் அதிகமாம். இன்னொருவருக்கு நான் ரொம்பப் பிரபலமாம். போன வருஷம் இதே ஆள் என்னை யாருக்கும் தெரியாது என்று சொல்லித்தான் திருப்பி அனுப்பினார். கடைசியில் என் ஏஜென்ட் சிட் கார்மன் என்னை மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போய், அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார். ஒரு சின்னப் புத்தகம் அச்சிட்டிருக்கிறார்களாம். கம்யூனிஸ்டுகளோடு ஒட்டுறவு உள்ளவர்கள் என்று நடிகர், பாடகர் பெயராகப் போட்டு. நம் நிகழ்ச்சிக்கு விளம்பரம் கொடுக்கும் சோப்புக் கம்பெனி அதைப் பார்க்காமல் யாருக்கும் மைக் கொடுப்பதில்லை.

என் பெயருக்கு நேரே ஒரே வரிதான். 1945-ல், ரஷ்யக் குழந்தைகளுக்குப் பால் அனுப்ப நடந்த நிதிக் கச்சேரியில் ஆதரவுத் தாளில் கையெழுத்திட்டவர்கள்: ஹேசல் கானெலி, வின்னி கானெலி. அன்றைக்கு ரஷ்யாக்காரன் நம் பக்கம் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தான். இன்றைக்குக் குழந்தைக்குப் பால் கொடுத்ததே குற்றம்.

அதுகூடப் பரவாயில்லை. நான் கையெழுத்தே போடவில்லையே! பன்னிரண்டு வருஷம் சேர்ந்து பாடினோம், என் கையெழுத்தை எந்த ரசிகராவது பார்த்திருக்கிறாரா? "ரெண்டு பேரும் போட்டுக்கிட்டிருந்தா ரயிலை விட்டுருவோம்" என்று சொல்லி, நீதான் எல்லாப் படத்திலும் இரண்டு பெயரையும் ஒரே இழுப்பில் இழுப்பாய். அன்றும் அப்படித்தான். நமக்குப் பியானோ வாசித்த அடேல் ஒரு கட்டுப் படங்களோடு இந்தத் தாளையும் சேர்த்து நீட்டினாள், நீ நின்ற நிலையில் போட்டுத் தள்ளினாய். நான் உள்ளே செருப்பைக் கழற்றிவிட்டு ரொட்டி தின்றுகொண்டிருந்தேன்.

ஆகவே ஒரு வரி எழுதி அனுப்பு. "இரண்டு பெயரையும் போட்டது நான். என் தங்கைக்கு அது தெரியாது." அவ்வளவுதான். நீ இப்போது ஓஹியோவில் ஸ்ட்ரௌட் வீட்டு மருமகள், பாட்டை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. உன்னை யார் என்ன செய்யப் போகிறார்கள்?

இந்த வாரத் தபாலிலேயே அனுப்பு.

உன் தங்கை,
வின்னி


பெல்ஃபோர்ட், ஓஹியோ,
23 பிப்ரவரி 1952

என் செல்ல வின்னிக்கு,

உன் கடிதம் கண்டு மனசே சரியில்லை. பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. டாமிக்குப் பொன்னுக்கு வீங்கி. அவனுக்கு இறங்கியதும் சின்னவளுக்கு ஏறிவிட்டது. இங்கே பனி ஜன்னல் வரை நிற்கிறது.

வாரன் மே மாதம் பள்ளிக்கூடக் குழுத் தேர்தலில் நிற்கிறார். முன்னாள் படைவீரர் சங்கத்துக்கும் இந்த வருஷம் அவர்தான் தலைவர். போன வாரம் சங்கக் கூடத்தில் சிவப்பு அபாயம் பற்றிப் படம் போட்டார்கள். எண்பது பேருக்கு நான்தான் காபி ஊற்றினேன். அந்தக் கையாலேயே "ரஷ்யாக்காரனுக்குக் கையெழுத்துப் போட்டது நான்" என்று எப்படி எழுதுவது, நீயே சொல்.

இதுதான் காரணம் என்று உனக்கு நிச்சயமாகத் தெரியுமா? உன் வாயும் சும்மா இருக்கிற வாய் இல்லையே. எத்தனை தயாரிப்பாளர்களை எத்தனை தடவை எடுத்தெறிந்து பேசியிருக்கிறாய்! நான் போடவில்லை என்று நீயே போய்ச் சொல்லேன். உண்மையைச் சொல்ல என் துணை எதற்கு? இதெல்லாம் கொஞ்ச நாள் கூத்து, அடங்கிவிடும் என்று வாரனும் சொல்கிறார்.

திராட்சை ஜாம் இரண்டு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

என்றும் உன் அக்கா,
ஹேசல்


நியூயார்க்,
9 மார்ச் 1952

அக்கா,

ஜாம் வந்தது. ஒரு பாட்டில் உடைந்து உன் கடிதமெல்லாம் ஒட்டிக்கொண்டது. ஒட்டாத இடங்களைப் படித்தேன். நான் கேட்டது அங்கேயும் இல்லை.

நீயே போய்ச் சொல்லேன் என்றாய் அல்லவா? போனேன். சோப்புக் கம்பெனிக்காக ஆட்களைச் சலித்துக் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார், பெயர் லாம்பர்ட். பதினோராவது மாடி, கதவில் பெயர்ப்பலகை கிடையாது. நல்ல மனிதர், மிட்டாய் கொடுத்தார். பேச்சைக் கேள்:

"பட்டியல்ல இருந்து என் பேரை எடுக்கணும் சார்."

"பட்டியல்னு ஒண்ணு கிடையாதும்மா."

"அப்ப நான் வேலைக்குப் போகலாமா?"

"அது எப்படி? உங்க பேருதான் இருக்கே."

"எதுல இருக்கு?"

"அதைச் சரி பண்ணத்தான் கடிதம் கேக்கறோம். கையெழுத்து நீங்க போடலைன்னா வேற யாரு போட்டது?"

உன் பெயர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். தங்கை போய் அக்காவைக் காட்டிக்கொடுத்தாள் என்று இருக்க வேண்டாம், நீயாகச் சொன்னதாக இருக்கட்டும் என்று பார்த்தேன். நான் வாயை மூடியதும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. "யோசிச்சு வாங்க" என்று இன்னொரு மிட்டாய் கொடுத்து அனுப்பினார்.

இப்போது ஒரு பெரிய கடையின் கீழ்த்தளத்தில் காய் சீவும் துருவி விற்கிறேன். நாள் முழுக்க நின்றுகொண்டு காரட் துருவிக் காட்ட வேண்டும். நேற்று என்னையறியாமல் பாடிவிட்டேன் போலிருக்கிறது. கூட்டம் கூடி, துருவி மடமடவென்று விற்றது. மேலாளர் ஓடிவந்து என்ன சொன்னார் தெரியுமா? "பாடாதீங்கம்மா. யாராவது குரலைக் கண்டுபிடிச்சுட்டா கடைக்கு வம்பு." துருவி விற்கிறவள் வாய் திறக்கக்கூடக் கம்பெனி அனுமதி வேண்டியிருக்கிறது.

எனக்குப் பாட்டைத் தவிர வேறு எதுவும் தெரியாது அக்கா. உனக்குப் புருஷன் இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்கு இருக்கிற ஒன்று இதுதான். விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே.

வின்னி


பெல்ஃபோர்ட்,
2 ஏப்ரல் 1952

வின்னிக்கு,

உன் கடிதத்தை வாரன் எடுத்துப் படித்துவிட்டார். இரண்டு நாள் வீட்டில் ஒரே களேபரம். அவருக்குப் பதில் சொல்வதா, உனக்குச் சொல்வதா? மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அது நான்தான். இனிமேல் இதையெல்லாம் கொஞ்சம் பட்டும் படாமலும் எழுது. எங்கள் தபால்காரரும் சங்கத்து ஆள்தான்.

ஆனாலும் அவர் மனசு கல் இல்லை. சங்கத்துத் தாளிலேயே உனக்காக ஒரு நற்சான்று எழுதிக் கொடுத்திருக்கிறார், இத்துடன் வைத்திருக்கிறேன். தலைவர் கையெழுத்தும் முத்திரையும் இருப்பதால் அந்த லாம்பர்ட் மறுபேச்சுப் பேச மாட்டார் என்கிறார். என் பெயரை இதில் இழுக்காமலேயே காரியம் முடிந்தால் எல்லாருக்கும் நல்லதுதானே?

சின்னவள் உன் பாட்டை ரேடியோவில் தேடுகிறாள். சித்திக்குத் தொண்டை வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அக்கா


நியூயார்க்,
14 ஏப்ரல் 1952

அக்கா,

வாரன் அத்தானின் நற்சான்றை லாம்பர்ட்டிடம் கொண்டு கொடுத்தேன். நீ படித்துப் பார்த்தாயா? "செல்வி கானெலியை எனக்குப் பத்தாண்டுகளாகத் தெரியும். அரசியல் சதி எதிலும் ஈடுபடும் அளவுக்கு அவருக்குப் புத்தி போதாது என்று உறுதியாகச் சொல்வேன்." லாம்பர்ட் அதைத் தட்டெழுத்துப் பெண்ணைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லி என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஜாம் வேண்டாம், நற்சான்று வேண்டாம், பட்டும் படாமலும் எதுவும் வேண்டாம். கையெழுத்துப் போட்டவர் எழுத வேண்டும், நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்கிறார் லாம்பர்ட். அவருக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் எழுது. முழுசாக எழுது, தேதி போட்டு எழுது, சத்தியம் பண்ணி எழுது. எனக்குக் கவலையில்லை. எழுதினால் போதும்! கல்லைக் கட்டிக்கொண்டு அழுதிருந்தால்கூட இத்தனை நாளில் அது ஒரு வரி எழுதியிருக்கும்.

இதற்கும் பதிலாகப் பிள்ளைகளின் சளி இருமலைத்தான் எழுதப் போகிறாய் என்றால் தபால்தலையை வீணாக்காதே.

வின்னி


பெல்ஃபோர்ட்,
5 மே 1952

அன்புள்ள வின்னி,

எழுதிவிட்டேன்! இனி உன் திருவாயால் என்னை வாழ்த்தலாம்.

வெள்ளிக்கிழமை வாரனே வண்டியில் பாங்குக்கு அழைத்துப் போனார். அங்கே ஹாஸ்கின்ஸ் என்று ஒருவர் சத்தியக் கடிதங்களுக்கு முத்திரை வைக்கிறார். நீ சொன்னபடி ஒன்று விடாமல் எழுதினேன். தேதி, அரங்கம், பின்வாசலில் நின்றது, தாளைக் கொண்டுவந்து நீட்டியது அடேல் ரோஸ்மன், நான் படிக்காமல் இரண்டு பெயரையும் போட்டது, நீ உள்ளே இருந்தது, எல்லாம். உன் கைக்கு வந்து அப்புறம் போவானேன் என்று நேரே லாம்பர்ட்டுக்கே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் நடந்த தேர்தலில் வாரன் ஜெயித்துவிட்டார். பள்ளிக்கூடத்துக்குப் புதிய கூரை போடப் போகிறாராம். இனி நம் இரண்டு வீட்டுக்கும் நல்ல காலம்தான். புதன்கிழமை எப்போது பாடுகிறாய் என்று எழுது, பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டு உட்கார வைக்கிறேன்.

அக்கா


நியூயார்க்,
22 ஜூன் 1952

அக்கா,

நீ மூன்று கடிதம் போட்டும் நான் பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாமல் எழுந்துவிட்டேன்.

வேலை திரும்பக் கிடைத்தது உனக்குத் தெரியும், கேட்டிருப்பாய். உன் கடிதம் போன பத்தாம் நாள் கூப்பிட்டுவிட்டார்கள். தயாரிப்பாளர் வாசலுக்கே வந்து கட்டிக்கொண்டார். என் உயரத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அடேல் வந்தாள். அவள் இப்போது இருக்கும் நிலைமையை உனக்கு எழுதியதில்லை. புருஷன் மில்டன் காசநோய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். இவள் குயின்ஸில் சின்னப் பெண்களுக்கான நடனப் பள்ளியில் பியானோ வாசித்துத்தான் குடும்பம் ஓடியது. அந்தப் பள்ளியில், இனி ஆட்டத்துக்குக் கிராமபோன் போதும் என்று சொல்லிவிட்டார்களாம். நான் டீ போட்டுக் கொடுத்தேன். அவள் பையிலிருந்து, லாம்பர்ட் அனுப்பிய ஒரு தாளை எடுத்தாள்.

"வின்னி, உனக்கு இதெல்லாம் பழக்கமாச்சே. இந்த மாதிரி கடுதாசி எப்படி எழுதறது?"

"என்ன கேக்கறாங்க?"

"அந்தத் தாளை என்கிட்ட யாரு கொடுத்தாங்கன்னு. மில்டனோட தங்கச்சிதான் கொடுத்தா. இப்ப ஸ்கூல்ல டீச்சரா இருக்கா. எழுதித்தான் ஆகணுமா?"

"எழுதாத."

"உங்க அக்கா எழுதினாங்களே."

"நான்தான் எழுதச் சொன்னேன், அடேல். முழுசா எழுதுன்னு நான்தான் சொன்னேன்."

அவள் டீயைக் கலக்கினாள். பிறகு, "சரி. பாடாம உன்னால இருக்க முடியாது, எனக்குத் தெரியும்" என்றாள். குத்தலாகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன். குத்தல் இல்லை. இரண்டு பேருமாக உட்கார்ந்து அவள் கடிதத்தை எழுதினோம். "அந்தத் தாளை யார் கொடுத்தார் என்று சொல்ல விரும்பவில்லை" என்று எழுதினாள். அந்த ஒரு வரிக்காக அவளுக்கு இனி எங்கும் பியானோ கிடையாது. அது அவளுக்கும் தெரியும்.

மறுநாள் லாம்பர்ட்டிடம் ஓடினேன். என் அக்காவின் கடிதத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். மிட்டாய் டப்பாவை நகர்த்தி வைத்துவிட்டு அவர் சொன்னார்: "உங்க புதன்கிழமை அந்தக் கடிதத்து மேலதாம்மா நிக்குது. அது வேண்டாம்னா அதுவும் வேண்டாம். எது வேணும்?"

நான் வெளியே வந்தேன். புதன்கிழமை போய்ப் பாடினேன். நன்றாகவும் பாடினேன். இதை உன்னிடம் மறைக்க எனக்குத் தெம்பில்லை.

உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை. நான் கேட்டதைத்தான் நீ செய்தாய். ஆனாலும், முழுசா எழுது என்றால் அப்படியா எழுதுவார்கள்? நமக்குக் காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுத்தவள் பெயரை எழுதும்போது உன் பேனா கொஞ்சம்கூட நிற்கவில்லையா?

சில காலம் எனக்கு எழுதாதே.

வின்னி


பெல்ஃபோர்ட்,
30 ஜூன் 1952

வின்னி,

எழுதாதே என்றாய். எப்போது நான் நீ சொன்னதைக் கேட்டேன்?

பேனா நின்றது. அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். "இரண்டு பெயரையும் போட்டது நான்" என்று எழுதி நிறுத்தினேன். ஹாஸ்கின்ஸ் "அவ்வளவுதானாம்மா?" என்று கேட்டார். அவ்வளவுதான் என்று மூடி வைத்திருக்கலாம். வெளியே வாரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். நானாகப் போட்டேன் என்றால் நான் ரஷ்யாக்காரனுக்குக் கையெழுத்துப் போட்டவள். இன்னொருத்தி நீட்டினாள் என்றால் நான் ஏமாந்தவள். ஏமாந்தவளின் புருஷன் தேர்தலில் ஜெயிக்கலாம். அடேல் பெயரை நீ சொன்னதற்காக எழுதவில்லை, வின்னி. எனக்காக எழுதினேன். இத்தனை வாரம் நீ உன்னையே நொந்துகொண்டிருக்க, நான் பக்கத்து வீட்டாரை உட்கார வைத்து உன் பாட்டைக் கேட்டேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

புதிதாக ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். தாளை யார் நீட்டினார் என்பது எனக்கு நினைவில்லை, அடேல் ரோஸ்மன் என்று சத்தியம் செய்தது தவறு என்று. ஒரே விஷயத்துக்கு இரண்டு விதமாகச் சத்தியம் செய்தால் வழக்குகூட வரலாம் என்று ஹாஸ்கின்ஸ் பயமுறுத்துகிறார். வாரன் நாலு நாளாக என்னோடு பேசவில்லை, வீடு அமைதியாக இருக்கிறது. இதனால் அடேலுக்கு வேலை திரும்ப வந்துவிடும் என்று நம்பும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை. ஆனால் என் கையெழுத்துக்கு மேலே அவள் பெயர் இருக்கக் கூடாது. அதை அவள் வாசலில் நின்று நானே சொல்ல வேண்டும்.

இதை லாம்பர்ட்டிடம் கொடுத்தால் உன் புதன்கிழமை போய்விடும். மறுபடி உன்னைக் கீழ்த்தளத்தில் நிறுத்துவார்கள். அதனால்தான் தபாலில் போடாமல் கையில் வைத்திருக்கிறேன். உன் பெயரை எத்தனையோ ஆயிரம் தடவை உன்னைக் கேட்காமல் போட்டிருக்கிறேன். இதை மட்டும் கேட்காமல் செய்ய மாட்டேன். வேண்டாம் என்று சொல், கிழித்துப் போடுகிறேன். என் ஆயுசுக்கும் அதற்காக உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். சரி என்றால் நானே ரயிலேறி வருகிறேன்.

ஹேசல்


தந்தி
நியூயார்க், 3 ஜூலை 1952

திருமதி ஹேசல் ஸ்ட்ரௌட், பெல்ஃபோர்ட், ஓஹியோ

கொண்டு வா. புதன்கிழமைக்கு முன்னால் வா. அதற்குப் பிறகு என்னை நம்பாதே.

வின்னி